அரசு வழக்கறிஞருக்கு உதவும் வக்கீல் எதுவரை பேசலாம்?

தம்பியை அரிவாளால் வெட்டிய வழக்கு, தென்மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கிறது. 2022 சம்பவம், அதனால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான். எங்கள் வக்கீல் அதன் 301(2) பிரிவின் கீழ் அரசு வழக்கறிஞருக்கு உதவுகிறார்.

நேரில் பார்த்த சாட்சியிடம் அரிவாள் யார் கையில் இருந்தது என்று அரசு வழக்கறிஞர் கேட்கவே இல்லை. நாங்கள் கேள்விகளை எழுதிக் கொடுத்த தாள் அவருடைய வழக்குக் கட்டின் மேலேயே கிடந்தது. எங்கள் வக்கீல் எழுந்தார், உட்காரச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் அரசு வழக்கறிஞரிடம் நேரில் பேசினோம். ‘பார்க்கலாம்’ என்றதோடு சரி.

உச்ச நீதிமன்றத்தின் 2019 ரேகா முரார்கா தீர்ப்பைப் படித்தேன். பாதிக்கப்பட்டவரின் வக்கீல் வாய்மொழி வாதமோ குறுக்கு விசாரணையோ செய்ய முடியாது. ஆனால் விடுபட்ட கேள்விகளை நீதிபதி கவனத்துக்குக் கொண்டுபோகலாம், அவர் சாட்சியைத் திரும்ப அழைத்து விசாரிக்கும் 311-ஆம் பிரிவைப் பயன்படுத்தலாம் என்கிறது. அடுத்த வாய்தா திங்கட்கிழமை.

கேள்விகளை நீதிபதியிடம் தர மெமோ போதுமா, தனி மனு போட வேண்டுமா?