மறு: ‘இம்யூனோமாடுலேட்டர்’ – ஊக்கியா, தடுப்பியா?

வணக்கம். நோயெதிர்ப்பின் செயலை மாற்றும் பொருளான ‘இம்யூனோமாடுலேட்டருக்கு’ நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற கேள்விக்கு வந்த பதில் இது:

> ‘நோயெதிர்ப்பு ஊக்கி’ என்றே வைத்துக்கொள்வோம். மக்களுக்குப் பழகிய சொல்.

பழகிய சொல்தான் ஐயா, டானிக் விளம்பரங்களில். ஆனால் கையிலிருக்கும் கட்டுரை ஹிஸ்டமினைப் பற்றியது. அதை ஊக்கி என்றால் பாதி பொய். தடுப்பி என்றால் மறுபாதி பொய்.

ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியை ஒரு நொதி கழற்றிவிட்டால் கிடைப்பது ஹிஸ்டமின். நோயெதிர்ப்புச் செல்களான மாஸ்ட் செல்களும் பேசோஃபில்களும் அதைத் துகள்களில் அடைத்து வைத்திருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஐஜிஇ எதிர்ப்பொருளில் ஒவ்வாப்பொருள் வந்து ஒட்டியதும் துகள்கள் வெளியே கொட்டிவிடும். தும்மல், தடிப்பு, அரிப்பு எல்லாம் அதன்பின். பள்ளிப் பாடம் இத்தோடு நின்றுவிடுவதால்தான் ஹிஸ்டமின் என்றாலே ஒவ்வாமை என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

அது செல்லின் எந்த ஏற்பியில் (செய்தியை வாங்கும் புரதத்தில்) போய் உட்காருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான்கு ஏற்பிகள்: எச்1 முதல் எச்4 வரை. எச்1 தூண்டப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் உயரும். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் இடைவெளி விட்டு நீரைக் கசியவிடும். இன்டர்லியூக்கின்-6, 8 ஆகிய சைட்டோகைன்களையும் (நோயெதிர்ப்புச் செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்களையும்) கூடுதலாகச் சுரக்கும். இதை ஊக்கம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

எச்2 வேறு வழி. அங்கே உயர்வது சைக்ளிக் ஏஎம்பி என்ற, செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறு. நோயெதிர்ப்புச் செல்களான மோனோசைட்டுகளிலும் டென்ட்ரிட்டிக் செல்களிலும் அது உயர்ந்தால் இன்டர்லியூக்கின்-12 குறைகிறது, இன்டர்லியூக்கின்-10 கூடுகிறது. முதலாவது, டி செல்கள் என்ற வெள்ளணுக்களை, செல்லுக்குள் புகுந்த கிருமிகளை எதிர்க்கும் டிஎச்1 வகையின் பக்கம் தள்ளுவது. இரண்டாவது அழற்சியை அடக்குவது. அழற்சியைத் தூண்டும் கட்டி நசிவுக் காரணியான டிஎன்எஃப்கூட எச்2 வழியாகக் குறைகிறது. ஆக, அதே மூலக்கூறு ஒரு செல்லில் அழற்சியைக் கிளப்புகிறது, பக்கத்துச் செல்லில் அடக்குகிறது. எச்3 பெரும்பாலும் நரம்புச் செல்களுக்கானது, இங்கே வேண்டாம். எச்4 ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களையும் மாஸ்ட் செல்களையும் அழற்சி நடக்கும் இடத்துக்கு இழுத்து வருகிறது.

(செட்டிரிசினை ‘ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை’ என்கிறோம். வயிற்று அமிலத்துக்கு விழுங்கும் ஃபேமோட்டிடினும் ஹிஸ்டமினைத்தான் மறிக்கிறது, எச்2வில். அதை யாரும் அப்படி அழைப்பதில்லை. பெயரைப் பழக்கத்துக்கு விட்டால் இப்படித்தான்.)

எனவே நமக்கு வேண்டியது திசை காட்டாத சொல். இயற்பியல் பாடநூலில் மாடுலேஷனுக்குப் ‘பண்பேற்றம்’ இருக்கிறது. வானொலி அலைக்கு அது பொருத்தம். இங்கே செல்லின் மேல் எந்தத் தகவலும் ஏற்றப்படுவதில்லை. ‘மட்டுறுத்தல்’ என்றால் அளவுக்குள் அடக்குவது; நம் குழுவின் மட்டுறுத்துநரைக் கேட்டால் தெரியும். என் பரிந்துரை ‘மடைமாற்றி’. 12க்குப் போகும் நீரை 10க்குத் திருப்பிவிடுவது மடையை மாற்றுகிற வேலைதானே?

——

அன்புள்ள அண்ணா,

மடைமாற்றம் அழகான சொல். ஆனால் செய்தித்தாளில் அது நிதியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘மடைமாற்றி’ என்று நான் எழுதினால் நோயாளி முதலில் காவல் நிலையத்தைத்தான் நினைப்பார்.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். இந்தச் சொல்லை ஹிஸ்டமினுக்கு மட்டும் தைக்க முடியாது. வைரஸை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரானையும் இதே பெயரில்தான் அழைக்கிறோம், ஸ்டீராய்டையும் அழைக்கிறோம். ஸ்டீராய்டு பெரும்பாலும் எல்லா மடைகளையும் சேர்த்து அடைப்பது. அது எந்த நீரைத் திருப்புகிறது? ‘நோயெதிர்ப்புச் சீராக்கி’ போதாதா?

——

டாக்டரம்மாவுக்கு,

ஸ்டீராய்டு பற்றிய கேள்வி நியாயமானது. பொதுப்பெயராக மடைமாற்றி நிற்காது. ஆனால் ‘சீராக்கி’யை என்னால் ஏற்க முடியவில்லை. சீராக்குவது என்றால் கெட்டதைச் செம்மைப்படுத்துவது. அனஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் விழுந்து மூச்சுக்குழல் இறுகும்போது ஹிஸ்டமின் எதைச் சீராக்குகிறது? நீங்கள் அட்ரினலின் ஊசியைத் தேடி ஓடுவதுதான் சீராக்கல்.

இரண்டாகப் பிரித்துவிடலாமா? பட்டியலின் பொதுப்பதிவு ‘நோயெதிர்ப்பு மாற்றி’. மொட்டையாக இருக்கிறது என்பீர்கள். மொட்டையாக இருப்பதால்தான் ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் இடம் தருகிறது. டி செல்கள் டிஎச்1 பக்கமிருந்து, ஒவ்வாமையோடு தொடர்புடைய டிஎச்2 வகையின் பக்கம் சாய்வதை மட்டும் ‘மடைமாற்றம்’ என்போம். இந்தச் சாய்வை ஆங்கிலத்தில் சொல்லும் போலரைசேஷனுக்கு ‘முனைவாக்கம்’ என்று இயற்பியலிலிருந்து கடன் வாங்குவதைவிட இது மேல். அப்போது கட்டுரையில் அந்த வரி இப்படி வரும்: “ஹிஸ்டமின் ஒரு நோயெதிர்ப்பு மாற்றி, எச்2 ஏற்பி வழியாக இன்டர்லியூக்கின்-12ஐக் குறைத்து, டி செல் விளைவை டிஎச்2 பக்கம் மடைமாற்றுகிறது.”

சைட்டோகைனைத் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். கொரோனாக் காலத்தில் ‘சைட்டோகைன் புயல்’ எல்லார் வாய்க்கும் வந்துவிட்டது. மாஸ்ட் செல்லுக்குத் தமிழ் வேண்டும் என்பவர்கள் தனி இழையில் தொடங்குங்கள். ஜெர்மன் மருத்துவ அறிஞர் எர்லிக் அந்தப் பெயரை வைத்ததே, துகள் நிறைந்த அந்தச் செல்லை நன்றாகத் தின்று கொழுத்தது என்று எண்ணித்தான். அதைத் தமிழில் ‘கொழுத்த செல்’ என்று எழுதினால் கொழுப்புச் செல்லோடு குழம்பும்.