12ஆம் மாடி பல்கனி, மூன்று வெறும் சாடி: இனி என்ன நடலாம்?

கேள்வி (பல்கனிவாசி):
கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். மேற்குப் பார்த்த பல்கனி, பின்நேரம்தான் வெயில், காற்றுக்கு ஓய்வே இல்லை. செப்டம்பர் கடைசியாகிவிட்டது, தக்காளியையும் மிளகாயையும் பிடுங்கியாயிற்று. கடை வாசலெல்லாம் செவ்வந்தியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதையே வாங்கலாமா? பனி கொட்டும் வரைக்கும் ஏதாவது நிறமாக நிற்க வேண்டும், அம்மா நாள் முழுக்க அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருப்பா.

பதில் (தோட்டக்காரி):
தம்பி, செவ்வந்தி வாங்குங்கள், ஆனால் முழுக்கப் பூத்ததை எடுக்காதீர்கள். மொட்டெல்லாம் இறுகி, ஒன்றிரண்டில் மட்டும் நிறம் தெரிகிற செடியாகத் தேடுங்கள். தூக்கிப் பார்த்தால் பாரமில்லையா, வேர் காய்ந்துபோய் இருக்கிறது. அப்படிக் காய்ந்தால் மேலே ஊற்றுகிற தண்ணீர் ஓரத்தால் வழிந்து போய்விடும். வாளித் தண்ணீரில் சட்டியோடு அமுக்கி, குமிழி நிற்கும் வரை வைத்திருங்கள்.

ஆனால் செவ்வந்தியை மட்டும் நம்ப வேண்டாம், அதன் பூ சில கிழமைதான். அம்மாவின் கண்ணுக்கு நேரே வைக்க அலங்காரக் கேல்தான் (கோவா இனத்து இலைச்செடி, அழகுக்கு வளர்ப்பது) என் தெரிவு. இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகப் போக நடு இலைகளில் ஊதாவும் வெள்ளையும் ஏறிக்கொண்டே வரும். லேசான உறைபனி அதை ஒன்றும் செய்யாது. குளிரில் அது பெரிதாக வளராது, அதனால் சிறிதாக வாங்கி இடம் விடாமல் நெருக்கி நடுங்கள். ஓரத்தில் பான்சி என்கிற சின்னப் பூச்செடி. உயரமான புல் வகை உங்கள் காற்றுக்குச் சரிவராது.

பல்கனிவாசி:
நன்றி அக்கா. வசந்தத்திலும் உயிரோடு இருக்கிற மாதிரி ஏதாவது உண்டா? அப்புறம், கறிவேப்பிலையும் இன்னும் வெளியேதான் நிற்கிறது.

பதில் (மண்வாசனை):
கறிவேப்பிலையை இன்றைக்கே உள்ளே எடுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் பாருங்கள். பழுப்பாகச் செதில் மாதிரி ஒட்டியிருந்தால் பூச்சி, சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

வசந்தம் வரை நிற்க ஹியூக்கெரா நடலாம், இலையே நிறமாக இருக்கிற பல்லாண்டுச் செடி அது. நிலத்தில் இருப்பதைவிடச் சாடியில் வேர் மிக மோசமாக உறையும். செடி எவ்வளவு குளிர் தாங்கும் என்பதை அதன் அட்டையில் வலய எண்ணாகப் போட்டிருப்பார்கள், எண் குறையக் குறையக் கூடுதல் குளிர் தாங்கும். அதனால் உங்கள் இடத்துக்குச் சொன்ன வலயத்தைவிட இரண்டு எண் குறைந்த செடியாக, அட்டையைப் படித்து வாங்குங்கள். சாடி மண்சாடி என்றால் அதில் நடாதீர்கள். ஈரம் உறைந்து வெடித்துவிடும், பிளாஸ்டிக்கோ ஃபைபரோ நல்லது.