மறுமொழி: எச்பிவி ‘ஜெனோடைப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> குழந்தைகளுக்குக் குரல்வளையில் திரும்பத் திரும்ப வளரும் மருக்கள் பற்றிய கையேட்டில் ‘ஜெனோடைப்’ வருகிறது. தமிழகப் பாடநூலின் ஜீனாக்கம், இலங்கையின் பிறப்புரிமையமைப்பு, இரண்டில் எது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டுமே இங்கே வேண்டாம் என்பது என் கருத்து. டென்மார்க் தாவரவியலாளர் யோஹான்சன் 1909இல் ‘ஜெனோடைப்’ என்ற சொல்லை உருவாக்கியது, ஓர் உயிருக்குள் இருக்கும் மரபணுக் கட்டமைப்பைக் குறிக்க. உயரமான பட்டாணி, குட்டைப் பட்டாணி என்று பள்ளியில் படிக்கும் பாடத்துக்கு அந்த இரு தமிழ்ச் சொற்களும் சரியாகப் பொருந்துகின்றன. எச்பிவி என்பது இந்த மருக்களை உண்டாக்கும் மனிதப் பாப்பிலோமா வைரசு; இங்கே பேச்சு அந்த வைரசைப் பற்றியது. அதன் வெளியுறைப் புரதத்தை உருவாக்கும் எல்1 மரபணு, தெரிந்த மற்ற வகைகளிலிருந்து குறைந்தது 10 விழுக்காடு வேறுபட்டால் புது எண் கொடுக்கிறார்கள். அந்த எண்தான் இங்கே ‘ஜெனோடைப்’.

கையேட்டைப் படிக்கப்போவது பெற்றோர். ‘பிறப்புரிமை’, ‘மரபணு’ என்று கண்ணில் பட்டதுமே இது பரம்பரை நோய், அடுத்த பிள்ளைக்கும் வரும் என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் இது தொற்று. பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போகிறது. அப்படி வைரசை எதிர்கொள்ளும் குழந்தைகளிலும் மிகச் சிலருக்கே மரு வளர்கிறது. ஏற்கெனவே தன்னையே நொந்துகொண்டிருக்கும் தாய்க்கு நாம் தேர்ந்தெடுக்கும் சொல் இன்னொரு பாரமாகக் கூடாது.

‘வைரசு இனம்’ என்று ஒரு நண்பர் சொன்னதும் சரிவராது. இந்த மருக்களுக்குக் காரணமான 6, 11 இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. எனவே நான் முன்வைப்பது வெறும் ‘வைரசு வகை’. வகை 6, வகை 11. எந்த வகை என்று பார்ப்பது ‘வகையறி சோதனை’.

அடுத்தது ‘சிவியரிட்டி’. ‘தீவிரம்’ என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் நினைவுக்கு வரும். திடீரென்று வந்த நோய் என்ற பொருளும் ஒட்டிக்கொள்ளும். இந்த நோயோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும். எத்தனை முறை அறுவை செய்து மருவை அகற்ற வேண்டியிருந்தது, எவ்வளவு இடைவெளியில், மூச்சுக்குழாய்க்கும் நுரையீரலுக்கும் பரவியதா, கழுத்தில் துளையிட்டு மூச்சுவிடச் செய்ய வேண்டிவந்ததா என்பதையெல்லாம் வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். ‘நோய்க்கடுமை’ போதும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: “வகை 11 தொற்றிய குழந்தைகளிடம் நோய்க்கடுமை அதிகமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.” தடங்கல் இல்லாமல் படிக்க வருகிறது. ‘வகை 11தான் காரணம்’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். வகையைவிட, நோய் தொடங்கிய வயதுக்கே தொடர்பு அதிகம் என்று 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. மூன்று வயதுக்குள் கண்டறியப்படும் குழந்தைகள்தான் பொதுவாக அதிகம் அவதிப்படுகிறார்கள்.

அப்புறம், கையேட்டு வரைவில் இருக்கும் ‘குறை ஆபத்து வகை’யை மாற்றியே ஆக வேண்டும். 6, 11 இரண்டுக்கும் அந்தப் பெயர் வந்தது புற்றுநோயைக் கணக்கில் கொண்டு. மூச்சு அடைபட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் பிள்ளையின் அப்பாவிடம் ‘குறை ஆபத்து’ என்று எப்படிச் சொல்வது? அரிதாக இந்த வகைகளால் வரும் மருவும் நுரையீரலில் புற்றாக மாறுவதுண்டு. ‘புற்று வாய்ப்புக் குறைந்த வகை’ என்று முழுதாகவே எழுதுவோம்.

தடுப்பூசிப் பகுதியில் வகை எண்கள் கட்டாயம் இருக்கட்டும். 6, 11 இரண்டோடு, கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான 16, 18 வகைகளையும் தடுக்கும் ஊசியை ஆஸ்திரேலியா 2007இல் தேசியத் திட்டமாகத் தொடங்கியது. அங்கே இந்த நோய் புதிதாக வருவது 2012இல் லட்சம் குழந்தைகளுக்கு 0.16 என்று இருந்தது, 2016இல் 0.02 ஆகக் குறைந்தது. 16, 18 இரண்டுக்கு மட்டுமான ஊசியில் இந்தப் பயனை எதிர்பார்க்க முடியாது. வகை எண் பெற்றோருக்குத் தேவையா என்று கேட்டவருக்கு இதுவே என் பதில்.

கழுத்தில் துளையிடுவதற்கு இலங்கை மருத்துவமனைகளில் தமிழில் என்ன சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், கையேட்டில் அதையும் சேர்த்துவிடலாம்.