மாசச் சாமான்: எதில் கடைச் சரக்கு போதும், எதில் பிராண்டை விடக் கூடாது?

தென்னூர்க்காரி, திருச்சி

வீட்டில் ஐந்து பேர். நான், அவர், மாமனார், எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். அவருடைய அச்சகத்தில் வேலை குறைந்து ஆறு மாசம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகையைக்கூட இப்போது வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார்கள், என்ன செய்வது. மாசச் சாமானுக்கு ஒன்பதாயிரம் போய்க்கொண்டிருந்தது. அதை ஏழுக்குள் அடக்க வேண்டும் என்று, போன மாசம் தெருமுனை அண்ணாச்சி கடையை விட்டுவிட்டுப் புதிதாக வந்திருக்கிற பெரிய தள்ளுபடிக் கடைக்கு மாறினேன். (அண்ணாச்சி கண்ணில் படாமல் இருக்க எதிர்ச் சாரியில் நடக்கிறேன். அது தனிக் கதை.)

அந்தக் கடை உப்பிலிருந்து பல்பு வரைக்கும் தன் பெயரிலேயே போட்டு விற்கிறது. பக்கத்திலேயே நாம் டிவியில் பார்க்கிற பிராண்டும் இருக்கும், இருபது முப்பது ரூபாய் கூடுதலாக. ஒரு வேகத்தில் எல்லாவற்றையும் கடைப் பெயரிலேயே எடுத்துப் போட்டேன். துவரம் பருப்பு, உளுந்து, காபிப் பொடி, துணி பவுடர், தரை துடைக்கிற லோஷன், டாய்லெட் கிளீனர், குளியல் சோப்பு, இரண்டு எல்இடி பல்பு. பில் 6,840. சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

பருப்பில் பழுதில்லை, மூன்று விசிலில் குழைந்தது. லோஷனும் டாய்லெட் கிளீனரும் முன்பு வாங்கியதற்கு எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. வாசனைதான் கொஞ்சம் தூக்கல். உளுந்து காலை வாரிவிட்டது. நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் போட்டால் எப்போதும் கிரைண்டர் விளிம்பு வரைக்கும் பொங்கி வரும். இது காணவே இல்லை. அடுத்த தடவை ஒன்றரை டம்ளர் போட்டும் சின்னவன் தட்டைப் பார்த்து, "அம்மா, இது இட்லியா அடையா?" என்றான்.

துணி பவுடர் அதற்கு மேல். எங்களுடையது முன்பக்கம் கதவு வைத்த மெஷின். பவுடர் போடுகிற தட்டு வழியாக நுரை வழிந்து பால்கனியில் ஓடியது. மூன்று தடவை அலசியும் பெரியவளின் யூனிஃபார்ம் மொடமொடவென்று நின்றது. பல்பு ஒன்று பத்தொன்பதாம் நாள் கண்ணடிக்க ஆரம்பித்தது.

காபிதான் வேதனை. மாமனார் வாய் திறந்து குறை சொல்கிற ரகம் இல்லை. முதல் நாள் டம்ளரில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நாலாம் நாளிலிருந்து "வெளியே ஒரு வேலை இருக்கு" என்று காலை ஆறரைக்கே கிளம்பி, முக்குக் கடையில் குடித்துவிட்டு வருகிறார். ஒரு காபி பதினைந்து ரூபாய். நான் பொடியில் மிச்சம் பிடித்த 120 ரூபாய் எட்டே நாளில் அங்கே போய்விட்டது.

இதோடு, பஜாரில் பிளாட்பாரக் கடையில் 35 ரூபாய்க்குக் குக்கர் கேஸ்கட் ஒன்று வாங்கினேன். விளிம்பெல்லாம் ஆவி. விசிலே வராமல் அடி பிடித்தது.

திரும்பவும் எல்லாவற்றையும் பிராண்டுக்கு மாற்றக் கையில் தெம்பு இல்லை. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது? வாங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

முன்னாள்_பர்ச்சேஸ், மதுரை

தங்கச்சி, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பதினோரு வருஷம் கொள்முதலில் இருந்தவன் நான். அந்தக் கடைக்கு ஆலை எதுவும் இருக்காது. யாரோ செய்கிறார், இவர்கள் பெயர் ஒட்டுகிறார்கள். பெரிய பிராண்டுகளிலும் பல பொருட்கள் அப்படித்தான். பாக்கெட்டைத் திருப்பினால் விற்கிறவர் பெயரும் தயாரித்தவர் பெயரும் தனித்தனியாக இருக்கும். இரண்டு மூன்று ஆலை முகவரி போட்டிருந்தால், பேட்ச் எண்ணில் இருக்கிற எழுத்தை வைத்து எது என்று தெரிந்துகொள்ளலாம். தின்கிற பொருளில் தயாரித்தவரின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும், அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கும். இரண்டு பாக்கெட் சேமியாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில சமயம் இரண்டிலும் ஒரே எண் இருந்து சிரிப்பு வரும்.

ஆனால் ஒரே ஆலை என்பதால் ஒரே சரக்கு என்று ஏமாந்துவிடாதீர்கள். ஆலைக்காரரை உட்காரவைத்து "கிலோவுக்கு நாலு ரூபாய் குறைச்சுக் குடுங்க" என்று கேட்டதே நான்தான். அவரும் குறைப்பார். தன் லாபத்திலிருந்தா குறைப்பார்? உளுந்தில் பழசைக் கொஞ்சம் கூட்டுவார். பழைய உளுந்து மாவு காணாது, அதுதான் உங்கள் கிரைண்டரில் நடந்தது. பாக்கெட்டில் இருப்பது பேக் செய்த தேதி. எப்போது விளைந்தது என்று எந்தப் பாக்கெட்டும் சொல்லாது. அண்ணாச்சி சொல்லுவார். மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இது காணாதும்மா, அடுத்த வாரம் புதுசு வருது" என்று சொல்லக்கூடிய ஆள் அவர் ஒருத்தர்தான். உளுந்தை மட்டுமாவது அவரிடமே வாங்குங்கள்.

காபிப் பொடிப் பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பாருங்கள். சிக்கரி கலந்த பொடி என்றால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு என்று அச்சடித்தே ஆக வேண்டும். உங்களுடையது 53க்கு 47 ஆக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். மாமனார் பழகியது 80க்கு 20 ஆக இருக்கும். சிக்கரி விலை மலிவு, அவ்வளவுதான் விஷயம்.

டாய்லெட் கிளீனரில் நீங்கள் சொன்னது சரி. பெயர் பெற்றதிலும் வேலை செய்கிற சரக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், 10 சதவீதத்தை ஒட்டி. கடைச் சரக்கிலும் அதே அளவு போட்டிருந்தால் மிச்சக் காசு விளம்பரத்துக்குப் போகிறது. எந்தப் பிராண்டாக இருந்தாலும் பிளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்க்காதீர்கள், குளோரின் கிளம்பும்.

துணி பவுடரில் பிராண்டைக் குற்றம் சொல்ல மாட்டேன். நீங்கள் எடுத்தது வாளியில் ஊறவைக்கிற பவுடர். உங்கள் மெஷினுக்கு நுரை குறைவாக வருகிற பவுடர் வேண்டும், 'ஃப்ரன்ட் லோடு' என்று அட்டையில் இருக்கும். கடைப் பெயரிலேயே அதுவும் கிடைக்கும்.

கஞ்சமகாபிரபு

பிராண்டா கடையா என்று நான் பார்ப்பதே இல்லை. எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவு என்று இருக்கும். அதை மட்டும் ஒப்பிடுவேன். சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் நிற்க வேண்டும். பார்வைக்கு லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும், படித்தால் 800 கிராம். மலிவாகத் தெரிந்ததற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

குளியல் சோப்புக்கு டிஎஃப்எம் பாருங்க, சோப்பில் மொத்தக் கொழுப்புச் சத்து எவ்வளவு என்கிற கணக்கு அது. 76 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம், 70லிருந்து இரண்டாவது, 60லிருந்து மூன்றாவது. மைசூர் சாண்டலில் 80 என்று போட்டிருப்பார்கள். 'பாத்திங் பார்' என்று இருந்தால் இந்தத் தரப் பட்டியலிலேயே வராது. நடிகை தேய்த்துக் குளிக்கிற சில விலை உயர்ந்த சோப்புகளும் பாத்திங் பார்தான், திருப்பிப் பார்த்துவிட்டு அழாதீங்க.

வயர்மேன்72, ஈரோடு

மளிகையில் ஏமாந்தால் ஒரு வேளை சாப்பாட்டோடு போகும். கரண்டிலும் குக்கரிலும் அப்படி இல்லை தாயி.

போன ஐப்பசியில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். 'எது எடுத்தாலும் 99' கடையில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்‌ஷன் அடுப்பு. அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் எட்டே முக்கால் ஆம்பியர் வாங்கும். பாக்ஸில் எழுதியிருப்பது 6 ஆம்பியர். பிளாஸ்டிக் வெல்லப்பாகு மாதிரி உருகிச் சுவரில் கருப்பாக ஒரு கை அகலத்துக்கு ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வயர் தலைமுடி கனம். "ஐஎஸ்ஐ போட்டிருந்துச்சே அண்ணே" என்றார் வீட்டுக்காரர். எழுத்து மட்டும்தான் இருந்தது. நிஜ முத்திரைக்கு மேலே ஐஎஸ் என்று தொடங்கும் தர எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, முத்திரை கொடுக்கிற அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். ஐஎஸ்ஓ என்று போட்டு ஐஎஸ்ஐ மாதிரி வளைத்து எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

குக்கருக்கு ஐஎஸ் 2347. 2021 பிப்ரவரியிலிருந்து அந்த முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. முத்திரை இருந்தால் பெயர் தெரியாத குக்கரைக்கூட வாங்கலாம் என்பேன். ஆனால் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் உங்கள் குக்கர் கம்பெனியுடையதே, அதே லிட்டர், அதே மாடலுக்கு வாங்குங்கள். கேஸ்கட் பொருந்தாவிட்டால் சோறு அடி பிடிப்பதோடு நிற்கும். வால்வு சரியில்லை என்றால் மூடி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

பல்பு அவ்வளவு பயப்படுகிற சாமான் இல்லை. ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண், நட்சத்திர முத்திரை இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டை விட்டுவிட்டு லூமனை, அதாவது வெளிச்ச அளவைப் பாருங்கள். 9 வாட்டுக்கு 900 பக்கத்தில் இருந்தால் நல்லது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் வாரண்டி போட்டிருப்பார்கள். கண்ணடிக்கிற பல்பைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள், மாற்றித் தருவார்கள்.

தென்னூர்க்காரி, திருச்சி

ஒரு மாசம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பல்பை மாற்றப் பில்லைத் தேடினால் வெறும் வெள்ளைத் தாள் கிடைத்தது. அடுப்புப் பக்கம் செருகி வைத்ததில் எழுத்தெல்லாம் பறந்துவிட்டது. நல்லவேளை, கடையில் என் போன் நம்பரை வைத்துத் தேடி எடுத்தார்கள். இப்போது பில் வாங்கியதும் போட்டோ எடுத்துவிடுகிறேன்.

காபிப் பாக்கெட்டில் மதுரை அண்ணன் சொன்ன அதே 53க்கு 47! அவர் ஜோசியமும் பார்ப்பார் போலிருக்கிறது. தெப்பக்குளம் பக்கம் கண்முன்னாலேயே அரைத்துத் தருகிற கடையில் 80க்கு 20 கால் கிலோ வாங்கினேன். விலை கூடத்தான். மாமனாருக்கு ஆறரை மணி வேலை இப்போது இல்லை.

கேஸ்கட் கம்பெனியுடையதே மாட்டிவிட்டேன். பருப்பு, லோஷன், டாய்லெட் கிளீனர், உப்பு எல்லாம் கடைப் பெயரிலேயே தொடர்கிறது. சோப்பைத் திருப்பிப் பார்த்து நிஜமாகவே அழுகை வந்தது. கடைச் சோப்பில் 76, நான் பத்து வருஷமாக வாங்கிய பிராண்டு பாத்திங் பார். இந்த மாசம் 7,260. ஏழுக்குள் வரவில்லைதான்.

அப்புறம் உளுந்து. எதிர்ச் சாரியை விட்டு இந்தப் பக்கம் வந்து கடைப் படி ஏறினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், தராசைத் துடைத்தார். ஒரு மாசமாக ஏன் வரவில்லை என்று கேட்பார் என நினைத்தேன்.

"என்ன தாயி, அங்க உளுந்து காணலையோ?" என்றார்.