வாஃபிள் சுட்டு ஃப்ரீசரில் வைப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மயிலாப்பூரில் இருக்கிறேன். மகளுக்குக் காலை ஏழரைக்குப் பள்ளி வேன். இட்லித் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், கடையில் வாங்கும் உறைந்த வாஃபிளை மட்டும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறாள். டோஸ்டரில் மூன்று நிமிடம், வேலை முடிந்தது. ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. போதாக்குறைக்கு, போன வாரம் வாங்கியது வீடு வருவதற்குள் வெயிலில் இளகி, ஃப்ரீசரில் மறுபடி இறுகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கத்தியால் பிரித்ததில் பாதி தூள்.

சரி, நாமே சுடுவோம் என்று வாஃபிள் மேக்கர் வாங்கினேன். (மாமியார் பார்த்துவிட்டு, "அச்சு முறுக்குக்கு அண்ணனா இது?" என்றார்.) மைதா, முட்டை, பால், வெண்ணெய், பேக்கிங் பவுடர். மொறுமொறுப்புக்காக மைதாவில் கால் பங்கைக் குறைத்து அரிசி மாவு சேர்த்தேன். சுட்ட சூட்டில் கடை வாஃபிள் இதற்கு உறைபோடக் காணாது.

கெடுத்தது என் அவசரம்தான். சூடு ஆறும் முன்பே டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். ஆவியெல்லாம் நீராகி, மறுநாள் மேலே பனித்துகள். டோஸ்டரில் ஓரம் கருகியது, நடுப்பகுதி ஈரத்துணி. அடுத்த முறை கம்பித் தட்டில் ஆறவைத்து, தனித்தனியாகப் பரப்பி உறையவைத்த பிறகே அடுக்கப்போகிறேன்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: முழுதாகச் சுட்டு உறையவைப்பதா, வெளிர்நிறத்திலேயே எடுத்துவிடுவதா? கேழ்வரகு மாவு எவ்வளவு வரை சேர்க்கலாம்? புளித்த இட்லி மாவையே அச்சில் ஊற்றியவர்கள் உண்டா, ஒட்டாமல் வந்ததா? ஞாயிறு காலை மறுபடி சுடப்போகிறேன், அதற்குள் சொன்னால் நல்லது.