டானிசிட்டி: ‘செறிவு’ போதுமா, ‘நீரீர்ப்பு’ வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கரைசல் சவ்வின் வழியே நீரைத் தன் பக்கம் இழுக்கும் திறனை ஆங்கிலத்தில் டானிசிட்டி என்பார்கள். அத்திறன் மிகுந்த ஹைப்பர்டானிக் கரைசலைத் தமிழில் ‘உயர்செறிவுக் கரைசல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். பள்ளியில் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசலை ஊற்றிக் காட்டும் சோதனைக்கு அச்சொல் போதும். குடலைப் பற்றி எழுதும்போது இடறுகிறது.

செறிவு என்றதும் நாம் நினைப்பது ஒரு லிட்டரில் இத்தனை கிராம் என்பதை. நீரை இழுப்பதோ கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் (வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுசெய்யக் குடிப்பது) லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. குளுக்கோஸ் 75, சோடியம் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 என்று மில்லிமோல் கணக்கில், அதாவது துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகில், கூட்டினால் 245 வரும். பழைய கரைசலில் இது 311. குளுக்கோஸுக்கு மாற்றாக 50 கிராம் அரிசி மாவைக் காய்ச்சிச் சேர்த்தால், எடைக் கணக்கில் அதுவே ‘உயர்செறிவு’ ஆகிவிடும். ஆனால் மாவுப்பொருளின் மூலக்கூறுகள் பெரியவை, எண்ணிக்கையில் சில என்பதால் அது நீரை இழுக்கும் திறன் குறைவு. செரிக்கச் செரிக்க வெளிப்படும் குளுக்கோஸைக் குடற்சுவர் சோடியத்தோடு சேர்த்து அப்போதைக்கப்போதே உள்வாங்க, நீரும் பின்தொடர்கிறது.

இதற்கு நேர்மாறானது நூறு மில்லிக்குப் பத்து கிராம் அளவில் சர்க்கரை உள்ள குளிர்பானம். சென்னையின் கத்திரி வெயிலில் வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைக்கு அதை வாங்கிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது சிறுகுடலின் மேற்பகுதியை அடைந்ததும், இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இறங்குகிறது. உறிஞ்சப்படாமல் தங்கும் சர்க்கரை போக்கை மிகுவிக்கிறது. ‘உயர்செறிவு’ என்ற சொல்லில் இந்தத் திசை தெரிவதே இல்லை.

ஆகவே டானிசிட்டிக்கு ‘நீரீர்ப்பு’ என்பதை முன்வைக்கிறேன்: மிகைநீரீர்ப்பு (ஹைப்பர்டானிக்), சமநீரீர்ப்பு (ஐசோடானிக்), குறைநீரீர்ப்பு (ஹைப்போடானிக்). உரக்கப் படித்தால் நாக்கு சற்றுத் தடுமாறும்தான், பொருள் தடுமாறாது.

ஆஸ்மொலாரிட்டியை இதனோடு குழப்ப வேண்டியதில்லை. அது துகள்களை எண்ணிச் சொல்லும் அளவு என்பதால் ‘ஊடுபரவற் செறிவு’ என்பதே பொருந்தும். நீரீர்ப்பு அந்த எண்ணோடு சவ்வின் இயல்பையும் பொறுத்தது. யூரியா எளிதில் ஊடுருவும் சவ்வில், யூரியாக் கரைசலின் ஊடுபரவற் செறிவு உயர்ந்திருந்தாலும் நிலைத்த நீரீர்ப்பு இராது. இரண்டுக்கும் ‘செறிவு’ என்ற ஒரே சொல்லை ஆண்டால் இவ்வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது.