பழைய கேமிங் பிசி, கையில 12,000 தான்

கோத்தகிரி_கேமர்: அண்ணா, ஐ5 4460 ப்ராசசர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு, இன்னும் ஹார்ட் டிஸ்க்லதான் ஓடுது. கேம் லோட் ஆகறதுக்குள்ள டீ போட்டு குடிச்சுரலாம். எதை மொதல்ல மாத்தறது?

குன்னூர்_குளிரு: தம்பி ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா வேகமான சாட்டா எஸ்எஸ்டி போடு, எஃப்பிஎஸ் (கேம் ஒரு செகண்டுக்கு காட்டற படங்களோட எண்ணிக்கை) ஏறாது ஆனா லோடிங் தொல்லை போயிரும், அப்புறம் ரேமை 16 ஆக்கு, டிடிஆர்4 வாங்கிராத, அந்த ஸ்லாட்டுல உக்காரவே உக்காராது.

ஊட்டி_75: கார்டுக்கு செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1650 பாரு, தனி பவர் கேபிள் கேக்காத மாடலா எடுத்தா 75 வாட்ல, மதர்போர்டு ஸ்லாட்ல வர்ற கரண்ட்லயே ஓடிரும், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாத்தற செலவு மிச்சம். கோயமுத்தூர் எறங்கி கடையில கேம் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கு.

கோத்தகிரி_கேமர்: ப்ராசசர்ணா?

குன்னூர்_குளிரு: ஐ7 4770 அதே சாக்கெட்தான் (ப்ராசசர் உக்கார்ற இடம்). ஆனா விண்டோஸ் 11 சப்போர்ட் பண்ற ப்ராசசர் லிஸ்ட்ல அதுவும் கிடையாது, அதுல போய் காசைக் கொட்டாத. மழைல பிசியை ஈரச் சுவத்தோட ஒட்டி வைக்காத, பூஞ்சை புடிச்சுரும்.